சாட்சிக்கு வந்த அண்ணாச்சி

எங்கள் தூத்துக்குடி பறவை பார்ப்போர் கூட்டத்தில், அபூர்வமான பறவை என்றால் இரண்டு பேர் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். அன்று காலை உப்பளத்தை ஒட்டிய சேற்றில் ஒரு நண்டுதின்னி நின்றது. எங்கள் கூட்டத்தில் யாரும் பார்த்திராத பறவை. என்னைத் தவிர அங்கே ஆளில்லை.

கூட்டத்தாரில் உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர் தாசன் அண்ணாச்சி மட்டுமே. தூரத்தில் பறந்தது ஆலாவா கடற்காகமா என்ற சண்டையில் நாங்கள் பேச்சை நிறுத்தி ஒரு வருடமாகியிருந்தது. வெட்கத்தை விட்டு, சைக்கிளை மிதித்துப் போய்க் கூப்பிட்டேன்.

வந்தவர் பைனாகுலரில் பார்த்தார்.

“ஏலே, இத நான் முந்தாநாளே பாத்துட்டேம்லா.”

“பொறவு ஏன் அண்ணாச்சி சொல்லல?”

“சாட்சிக்கு நீ ஒருத்தன்தான் இருக்க. உங்கிட்டதான் நான் பேசுறதில்லையே.”

கூட்டத்தில் பறவையை ஒப்புக்கொண்டார்கள். முதலில் பார்த்தது யார் என்று நாங்கள் இருவரும் இன்றுவரை தினமும் சண்டை போடுகிறோம். அது தீர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.