கையெழுத்துப் போடாத நாடு

அவரை எல்லோரும் லிஃப்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். நகரத்தில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் போன் அவருக்குத்தான் வரும். அவர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். "ஊரையே மேல தூக்கிவிடுறாரு, தான் மட்டும் மூச்சு வாங்க ஏறுறாரு" என்று கீழ்வீட்டுக்காரர் கிண்டலடிப்பார்.

அவருடைய மனைவி மருத்துவமனையில் நர்ஸ். லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவருக்கு சிக்னல் கிடைக்காது என்பதால், சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் பேசிப் பதிந்து அனுப்பிவிடுவாள். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டு அவர் மேலே வரும்போது எல்லாம் மொத்தமாக வந்து விழும். "என்னங்க, குழிக்குள்ளயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" "சாவி பக்கத்து வீட்டுல இருக்கு." "தலைவலி மாத்திரையை நான் எடுத்துட்டு வந்துட்டேன், தேடாதீங்க." பெரிய விஷயம் எதுவும் இருக்காது. ஆனாலும் ஒன்றைக்கூட அவர் அழித்ததில்லை.

ஒரு காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. அதன்பிறகு மதியச் சாப்பாட்டு வேளைகளில், வேலைக்குப் போன கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று.

அப்படி ஒரு மதியம் யாரோ கூப்பிட்டார்கள். அந்தக் குரல் பதிவுகள் கிடக்கும் மெசேஜ் கணக்கு முடங்கப்போகிறது, போனுக்கு வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். முடங்கிவிடுமோ என்ற பதற்றத்தில் சொல்லிவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கணக்கு பறிபோயிற்று. அவள் குரலும் அதோடு போயிற்று.

சைபர் குற்றப் பிரிவில் இருந்த பெண் இன்ஸ்பெக்டர் அக்கறையோடு விசாரித்தார். திருடன் இருப்பது வேறொரு நாட்டில். குரல் பதிவுகள் கிடக்கும் கம்ப்யூட்டர்களும் அங்கேதான்.

"அப்ப கேட்டு வாங்குங்க மேடம்."

"அந்த நாட்டுக்கும் நமக்கும் அதுக்கு ஒப்பந்தம் இல்லண்ணே. உலக நாடெல்லாம் உக்காந்து இப்பதான் ஒண்ணு பேசிட்டிருக்காங்க. அதுல அவங்களும் கையெழுத்துப் போட்டா, நாம கேக்குற தடயத்தை அவங்க குடுத்தாகணும்."

"போட வேண்டியதுதானே? திருடனைப் பிடிக்கிறதுக்குக் கூடவா சண்டை?"

"எது குத்தம்கிறதுலதான் சண்டை. திருட்டுன்னா சரி, நாளைக்கு ஒருத்தன் எழுதினதையே கம்ப்யூட்டர் குத்தம்னு சொல்லி அவனைப் புடிச்சுக் குடுன்னு கேப்பீங்களேன்னு அவங்க பயப்படுறாங்க."

லிஃப்டுக்காரருக்கு அந்தப் பயம் புரிந்தது. ஏனென்றால் அப்படி எழுதியவன் அவருடைய தம்பி. இடிந்து விழுந்த ஒரு பாலத்தைப் பற்றி, யார் அலட்சியத்தால் விழுந்தது என்று இணையத்தில் எழுதினான். வழக்குப் பாய்ந்தது. தப்பித்துப் போய் அவன் அடைக்கலம் புகுந்ததும் அதே நாட்டில்தான். அண்ணிதான் அவனை வளர்த்தவள். அவள் காரியத்துக்குக்கூட அவனால் வர முடியவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து, அந்த நாடும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும் என்று மாநாட்டுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பப்போவதாகவும், அவரும் அதில் கையெழுத்திடலாம் என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார். யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்தவர், தம்பிக்குப் போன் போட்டார்.

"போடுங்கண்ணா. அண்ணி குரல் வரணும்."

"அப்ப நீ?"

"நான் வேற எங்கயாவது போய்க்கிறேன்."

"எங்கடா போவ? நிலாவுக்கா?"

தம்பி சிரிக்க முயன்றான். அண்ணன் கையெழுத்துப் போடவில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. மாநாட்டுச் செய்தி வந்தால் வேலை செய்யும் இடத்துக் காவலாளியின் ரேடியோ பக்கத்தில் போய் நின்றுகொள்வார். அந்த நாடு இறங்கி வருகிறது என்றால் நெஞ்சு துள்ளும். மறுகணமே தம்பியை நினைத்துப் பதறும். பிடிவாதம் பிடிக்கிறது என்றால் நிம்மதி வரும். அதன் பின்னாலேயே அவள் ஞாபகம் வந்து அறுக்கும். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார்.

கடைசியில் நிறைய நாடுகள் கையெழுத்திட்டன. எழுதுகிறவர்களுக்குப் பாதுகாப்பு போதாது என்று அந்த நாடு ஒதுங்கிக்கொண்டது.

"கேஸை மூடலண்ணே. ஆனா நம்பிக்கிட்டு இருக்காதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்று மோட்டார் அறையில் உட்கார்ந்து அவள் பேச்சை நினைவிலிருந்து மீட்டுப் பார்த்தார். சொற்கள் எல்லாம் வந்தன. குரல் வரவில்லை. பயந்துபோய்த் தம்பியைக் கூப்பிட்டார்.

"அண்ணி குரல் கிடைச்சுதாண்ணா?"

"இல்லடா. அவ உன்னைத் திட்டுவாளே, எப்படித் திட்டுவா?" என்று கேட்டார்.

தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "டேய் எருமை, சாப்பிட்டுட்டு எழுதுடா!"

"ம்ஹூம். 'எருமை'ய அவ இன்னும் கொஞ்சம் இழுப்பா."

"எரூமை..."

"அவ்வளவு இல்ல."

அவரும் சொல்லிப் பார்த்தார். அதுவும் சரியாக வரவில்லை. கிரீஸ் வாடைக்கு நடுவே அவரும், கடல் தாண்டி அவனும் சேர்ந்து சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுடா" என்றார் அண்ணன்.