கப்பலில் வந்த தும்பி

ரெஜினா அம்மாள் காலமான செய்தி வந்தபோது நான் கும்பகோணம் நீதிமன்ற வராந்தாவில் நின்றிருந்தேன். போனில் பேசியவர் அவருடைய கொழுந்தன் ஆரோக்கியம். "அண்ணி போயிட்டாங்க சார்" என்றார். யார் வேண்டுமானாலும் அந்தச் செய்தியைச் சொல்லியிருக்கலாம். அவர் ஏன் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

தஞ்சாவூரில் அவர் நடத்திய பட்டறையை உங்களில் பலர் அறிவீர்கள். வயலுக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டிக்கொள்ளும் ஸ்பிரேயர் அங்கே தயாரானது. அதில் ஒரு தும்பிப் படம் இருக்கும். கணவர் இறந்த பிறகு பட்டறையை ஏற்று, அந்தத் தும்பியை டிரேட் மார்க்காகப் பதிவு செய்ய அவர் என்னிடம் வந்தார். அப்படித்தான் நான் அவருடைய வக்கீல் ஆனேன்.

ஒரு குறுவைப் பருவத்தில், திருப்பனந்தாள் பக்கத்து விவசாயி ஒருவர் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது டேங்க்கின் அடிப்பக்கம் விட்டுப்போனது. மருந்து முழுவதும் முதுகில் வழிந்ததில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டேங்க்கில் தும்பி இருந்தது. அம்மாள் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த எதுவும் அவர்கள் பட்டறையில் செய்ததில்லை. ஆனால் விவசாயியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நாள்களில், அது போலி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"அவர் தும்பியப் பாத்துத்தானே சார் வாங்குனாரு" என்றார்.

போலி வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும், எங்கள் முத்திரையைச் சுங்கத்துறையிடம் பதிந்து வைத்தோம். அப்படிப் பதிந்தால், அந்த முத்திரையோடு சந்தேகமான சரக்கு வரும்போது துறைமுகத்திலேயே நிறுத்தி நமக்குச் சொல்வார்கள். நாம் போய் நடவடிக்கையில் சேர வேண்டும். சேராவிட்டால் சரக்கை விட்டுவிடுவார்கள். சில மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து அழைப்பு வந்தது. சரக்கை வரவழைத்த கம்பெனியின் பெயர் எங்கள் இருவருக்குமே புதிது.

அங்கே அதிகாரி ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பிரேயரை நாங்கள் கொண்டுபோனதன் பக்கத்தில் வைத்தார். "வித்தியாசம் சொல்லுங்கம்மா" என்றார். அம்மாள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரிக்காம பாத்தா எனக்கே தெரியலங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். அம்மாள் நிதானமாகத் தொடர்ந்தார்: "ஆனா நான் தஞ்சாவூர்ல மட்டுந்தான் செய்யறேன். வெளிநாட்டுல யாருக்கும் செய்ய அனுமதி கொடுக்கல. அப்ப கப்பல்ல வந்தது எப்படிங்க என்னோடதாகும்?"

அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார். அப்போதுதான் சரக்குக்குரியவர் உள்ளே வந்தார். அது ஆரோக்கியம். மன்னார்குடியில் அம்மாளின் ஸ்பிரேயர்களை விற்றுவந்த அதே ஆரோக்கியம்தான், வேறொரு பெயரில் கம்பெனி வைத்து இவற்றை வரவழைத்திருந்தார்.

வெளியே மரத்தடியில் அவர் கெஞ்சினார். "கடை நிக்கணும்ல அண்ணி. எல்லாத்தையும் இதுல போட்டுட்டேன். வழக்குல சேராம விட்டுருங்க, போதும்."

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆள் முதுகைப் பாத்தியா நீ?"

அம்மாள் உள்ளே போய், நடவடிக்கையில் சேர்வதாகக் கையெழுத்திட்டார். விசாரணை முடிந்து சரக்கு அழிக்கப்பட்டது. மன்னார்குடிக் கடை மூடப்பட்டது.

இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. கடை மூடிய சில வாரங்களில் அம்மாள் ஆரோக்கியத்தைத் தன் பட்டறைக்கே அழைத்துக்கொண்டார். கொடுத்த வேலை, ஒவ்வொரு டேங்க்கிலும் தண்ணீர் நிரப்பி, முதுகில் மாட்டி, நடந்து பார்ப்பது. ஒழுகினால் அவர் சட்டைதான் நனையும். ஐம்பது வயதுக்காரர் மார்கழிக் குளிரில் ஈர முதுகோடு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மதியம் அவருக்கு அம்மாள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். மீன் வாங்கிய நாளில் நடுத்துண்டு அவருக்குத்தான்.

"இது தண்டனையா, மன்னிப்பாம்மா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒருநாள் அப்படித் தோணுது, ஒருநாள் இப்படித் தோணுது சார். ரெண்டு நாளும் அவன் வேலைக்கு வந்துடறான்."

அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது ஆரோக்கியம் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் அவரிடம் கேட்க நினைத்திருந்ததை அவர் என்னிடம் கேட்டார்.

"அண்ணி என்னை மன்னிச்சாங்களா சார்? உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பாங்கள்ல?"

மன்னித்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் நின்றார். ஆனால் அம்மாள் சொல்லாததை அவர் பெயரில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "சொல்லலங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் காலை பட்டறையைத் திறந்தது அவர்தான் என்று கேள்விப்பட்டேன்.

வேறொருவர் பெயரை அவர் தராமல் எடுக்கக் கூடாது என்கிற அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான் ரெஜினா அம்மாளிடமிருந்து என்னுடையதாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று கல்லறை வாசலில் அதைக் காப்பாற்றினேனா, இல்லை இரக்கமில்லாமல் நடந்துகொண்டேனா, இன்னும் தெரியவில்லை.