இரவல் மேசையில் என் தங்கை

என் தங்கை ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "புத்தகம் எடுத்துக் கொடுப்பா" என்று என் மனைவி சொல்லிவிடுவாள். நான் அப்படிப் போகிறபோக்கில் சொல்வதில்லை. அந்த நூலகத்தில் இல்லாத ஒரு புத்தகத்தை யாராவது கேட்டால், அது எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அவர்களிடம் இரவல் கேட்டு, தபாலில் வரவழைத்து, கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவைப்பது அவள் வேலை. புத்தகமாக வராது, கட்டுரை மட்டும் போதும் என்றால் பக்கங்களை ஸ்கேன் செய்து வரவழைப்பாள். அதேபோல மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் இவள் அனுப்புவாள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் இந்த வேலையை ஐந்து நிமிடத்தில் யாருக்கும் விளக்கிவிடுவேன்.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் இரவலக்கா. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. "ஊர்ல எல்லாரும் இரவல் கேக்க வெட்கப்படுறாங்க, உன் நாத்தனாருக்கு அதுக்குச் சம்பளம்" என்று நான் மனைவியிடம் சொன்னால், இரண்டு பேருமே சிரிப்பார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள்.

இரண்டாவது மாடியில், ஜன்னலை ஒட்டி அவள் மேசை. மேசைமேல் ஒரு தராசு, ஒரு தட்டைக் கத்தி, நூல்கண்டு, பழுப்புக் காகிதச் சுருள். வருகிற பார்சலை அவள் கிழிக்க மாட்டாள். ஒட்டிய இடத்தில் கத்தியை நுழைத்துப் பிரித்து, அதே காகிதத்தை மடித்து வைத்து, அதிலேயே திருப்பி அனுப்புவாள். ஒருமுறை ஒரு புவியியல் வரைபடம் கேட்டிருந்தார்கள். மேசையைவிடப் பெரியது. அதை ஒன்பது துண்டுகளாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு துண்டிலும் பக்கத்துத் துண்டின் ஓரம் ஒரு விரல் அளவு வரும்படி எடுத்து அனுப்பினாள். கட்டுரை என்றால் பக்க எண் விட்டுப்போகாமல் வந்திருக்கிறதா என்று கடைசிவரை புரட்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. நான் பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். ஒழுங்கான வேலையைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

வெளியிலிருந்து வரும் புத்தகத்துக்கு அவள் ஒரு பட்டை போடுவாள். அட்டையைச் சுற்றி நான்கு விரல் அகலத்தில் மஞ்சள் காகிதம். அதில் எந்த நூலகத்துடையது, என்றைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். பட்டையைக் கழற்றக் கூடாது, புத்தகத்தை அவள் கையில்தான் திருப்பித் தர வேண்டும். இரண்டே விதிகள். பத்தொன்பது வருடத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை. அதனால்தான் மற்ற ஊர்க்காரர்கள் யாருக்கும் தராத புத்தகத்தையும் அவள் கேட்டால் தந்தார்கள்.

ஆற்று வண்டலைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு மாணவன் அவளிடம் அடிக்கடி வருவான். அவன் பெயரைவிட எங்கள் வீட்டில் 'வண்டல்' என்பதுதான் பழக்கம். "இன்னைக்கு வண்டல் வந்தான், ஒரே நாள்ல நாலு கட்டுரை கேக்குறான்" என்பாள். குறைசொல்வது போலத்தான் இருக்கும், ஆனால் சந்தோஷமாகச் சொல்வாள். மெலிந்த உடம்பு, எப்போதும் ஒரே துணிப்பை. தகப்பன் இல்லாத வீடு. அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்து படிக்கவைத்தார்.

அவனுக்காக ஒரு பழைய புத்தகம் தூரத்து நூலகம் ஒன்றிலிருந்து வந்தது. அச்சில் இல்லாதது. வேறெங்கும் பிரதி இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு மாதக் கெடு. அந்தக் கெடு முடிகிற நாளில் எனக்குக் கண் அறுவை. என்னோடு ஆஸ்பத்திரியில் இருக்க அவள் விடுப்பு எடுத்தாள். பல வருடங்களில் அவள் எடுத்த ஒரே விடுப்பு அதுதான்.

மறுநாள் அவள் போனபோது புத்தகம் மேசையில் இல்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நேத்து வந்தேன்க்கா. நீங்க இல்லை. கீழே வாசல்ல, புத்தகம் திருப்பிப் போடுற பெட்டியில போட்டுட்டேன்."

"பெட்டியில போடக் கூடாதுன்னு தெரியாதா தம்பி?"

"கடைசி நாளாச்சே, லேட் ஆயிடக் கூடாதுன்னு போட்டேன்."

அவள் கீழே போய், பெட்டியிலிருந்து புத்தகம் எடுத்து அடுக்குபவரைக் கேட்டாள். பட்டை போட்ட புத்தகம் எதுவும் வரவில்லை என்றார் அவர். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. திரும்பி வந்து அவனிடம் அதைச் சொன்னாள். அப்போதுதான் அவன், பட்டை பையில் கசங்கிக் கிழிந்துபோனதால் எடுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான்.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"திட்டுவீங்கன்னுதான்."

அங்கேதான் அவள் மனசு மாறியது என்று நினைக்கிறேன். அத்தனை வருடத்தில் பதினொரு பேர் அவளிடம் "பெட்டியில போட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். பதினொரு புத்தகமும் அவரவர் வீட்டில்தான் கிடைத்தன. கட்டிலடியில், காரின் பின்சீட்டில், ஒரு பேராசிரியர் வீட்டில் ஆட்டம் காணும் மேசைக்கு முட்டுக்கொடுத்தபடி. இவன் பன்னிரண்டாவது ஆள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"வீட்ல நல்லா தேடிப் பாரு தம்பி. கிடைக்கும்."

அவன் தேடினான். அவன் அம்மாவும் தேடினார். இரண்டு வாரம் கழித்து வந்து இல்லை என்றான். அப்போதிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றான்.

இதற்கிடையில் அவன் ஆய்வு முடிந்து, வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக முடிந்தது. ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் பட்டச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். சான்றிதழ் வாங்க வேண்டுமானால், நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய புத்தகம் எதுவும் இல்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வேண்டும். மற்ற எல்லாப் பிரிவிலும் வாங்கிவிட்டான். இவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

தலைமை நூலகர் அவளை அழைத்துப் பேசினார். "தொலைஞ்சதா எழுதிடலாம்மா. நீங்க சரின்னு சொன்னா நான் போட்டுடறேன்."

"அவன்கிட்டதான் சார் இருக்கு. இப்போ விட்டா அப்புறம் வராது. வேற பிரதியே இல்லாத புத்தகம். அவங்க நம்மள நம்பித்தான் குடுத்தாங்க."

"அந்தப் பையன் பொய் சொல்ற மாதிரி தெரியலையே."

"எல்லாரும் அப்படித்தான் சார் தெரிவாங்க."

இந்த வார்த்தைகளை அவளே பிறகு என்னிடம் ஒன்று விடாமல் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு எழுத்தைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

கடைசித் தேதிக்கு முதல் நாளும் அவன் வந்திருக்கிறான். பழைய புத்தகக் கடைகளில் வேறு பிரதி தேடுகிறேன், எவ்வளவு நாளானாலும் வாங்கித் தருகிறேன், இப்போது கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவள் படிவத்தைத் தொடவில்லை. அவன் மேசையில் இருந்த படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அந்த வேலை பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போனது.

வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. 'வண்டல்' என்ற பேச்சு நின்றுபோனதை நாங்களும் கவனிக்கவில்லை. படித்து முடித்துப் போயிருப்பான் என்று இருந்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் கிடங்குக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். என் மனைவி பத்துத் தடவை கேட்டிருப்பாள்.

"பக்கத்து பணிமனையிலேர்ந்து ஒரு கிளட்ச் பிளேட் இரவல் வாங்கினோம். காணோம். ஒருத்தர்மேல ஒருத்தர் பழி. கடைசில பாத்தா நம்ம ரேக்லயே உக்காந்திருக்கு."

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் மனைவி.

"கேளு. ரெண்டு பணிமனைக்கும் பாகத்தோட நம்பர் ஒண்ணுதானே? இரவல்னு எழுதின சீட்டு விழுந்துபோச்சு. எடுத்து வச்சவர் நம்பரைப் பாத்தாரு, நம்ம சாமான்னு நம்ம இடத்துல வச்சுட்டாரு. தப்பே இல்லை. சரியான இடத்துல இருக்கு. ஆனா நம்மகிட்ட அந்தச் சாமானே ஸ்டாக் இல்லைங்கறதால அந்த இடத்தை ஒருத்தரும் பாக்கலை."

தங்கையின் கை சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றுவிட்டது. "அண்ணா, திரும்பச் சொல்லு" என்றாள்.

திரும்பச் சொன்னேன். அவள் எழுந்து கை கழுவினாள். பிறகு எதுவும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை அவளிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் யாருக்கும் போன் செய்பவள் அல்ல.

"அண்ணா, இருக்கு."

"என்ன இருக்கு?"

"புத்தகம். நாலாவது மாடியில. ரெண்டு நூலகத்துலயும் வகைப்படுத்துற எண் ஒண்ணுதான். முதுகுல இருக்கிற எண்ணைப் பாத்து அடுக்கியிருக்காரு. நம்மகிட்ட இந்தப் புத்தகம் இருந்திருந்தா எங்க இருக்கணுமோ, அங்கயே இருக்கு. அவன் சொன்ன மாதிரியே பெட்டியிலதான் போட்டிருக்கான்."

அன்றைக்குச் சாயங்காலம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் அப்போதே கேட்டிருக்கக் கூடாதா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. என் கண் சரியானதைப் பற்றித்தான் அந்த நாட்களில் வீடே பேசிக்கொண்டிருந்தது. நானாவது அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை, புதுப் படிவம் ஒன்றில் எல்லாப் பிரிவின் கையெழுத்தையும் அவளே வாங்கி, தன் கையெழுத்தையும் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் மூன்று மணி நேரம். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. கதவைத் திறந்த அவன் அம்மா, யார் என்று சொன்னதும் வழியை மறித்து நின்றார்.

"இன்னும் தேடணுமா? வாங்க. கட்டில் ஒண்ணு, பெட்டி ஒண்ணு. பெட்டி திறந்துதான் கிடக்கு."

"புத்தகம் கிடைச்சிடுச்சும்மா. எங்க தப்புதான். என் தப்பு."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க தலையணையைக்கூடப் பிரிச்சுப் பாத்தோம். பெத்த பிள்ளைகிட்ட நானே கேட்டேன், வித்துட்டியாடான்னு. நீங்க சொன்னதை நம்பிக் கேட்டேன்."

உட்காரச் சொல்லி ஒரு நாற்காலி வந்தது. என்னை உட்காரவைத்துவிட்டு அவள் நின்றாள்.

அவன் மதியம் வந்தான். ஒரு செல்போன் கடையின் சீருடைச் சட்டை போட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் திகைத்தான், கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எங்க இருந்துச்சு மேடம்?"

அவள் சொன்னாள். அலமாரி எண்ணோடு சொன்னாள். அவன் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தான். "அந்த அலமாரி முன்னாடிதான் நாலு வருஷம் உக்காந்திருந்தேன்."

"அந்தக் காலேஜுக்கு நான் எழுதறேன் தம்பி. நேர்லயும் போறேன்."

"ஆள் சேர்ந்தாச்சு மேடம். அவரும் என்ன பண்ணுவாரு பாவம். அனுப்பிட்டீங்களா, அவங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை அனுப்பிட்டேன்."

"நல்லது. ரொம்பப் பழைய புத்தகம்."

படிவத்தை அவன் வாங்கிக்கொண்டான். பிரித்துப் பார்க்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தான். "நீங்க அடுக்கைப் பாக்காததைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை மேடம். யாருக்குமே தோணியிருக்காது. 'ஒருவேளை நீ சொல்றது நிஜமா இருக்கலாம்'னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னான். திரும்பி வருகிற மூன்று மணி நேரமும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நடந்ததை அவள் ஒரு பக்கத்தில் எழுதி, தலைமை நூலகரிடம் கொடுத்தாள். நடைமுறையில் ஓட்டை இருந்தது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார் அவர். அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன் சார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இப்போது வெளிப்புத்தகம் காணவில்லை என்றால் முதலில் அந்த எண்ணுக்குரிய அடுக்கைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதை எழுதியவள் அவள்தான். எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மேசையிலிருந்து தன்னை மாற்றச் சொன்னாள். இப்போது தரைத்தளத்தில் நாளிதழ்ப் பிரிவில் இருக்கிறாள். இரவல் மேசையில் இருக்கும் புது ஆள், எந்தப் புத்தகம் எந்த ஊரில் கிடைக்கும் என்று கேட்டு இறங்கி வருவார். பார்க்காமலேயே சொல்வாள். எவருடைய படிவத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை.

மாதம் ஒருமுறை, மதிய இடைவேளையில், நிர்வாகக் கட்டடத்துக்குப் போய்ச் சான்றிதழ் கொடுக்கிற குமாஸ்தாவிடம் விசாரிப்பாள். அவன் பட்டம் அங்கே உறையில் கிடந்தது. "இன்னும் வரலைம்மா" என்பார் அவர். ஒரு வருடமும் இரண்டு மாதமும் அதே பதில். தபாலில் அனுப்பிவைக்கலாமா என்று கேட்டாள். உரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் அவள் போனபோது உறை இல்லை.

"வாங்கிட்டுப் போயிட்டாரும்மா. புதன்கிழமை."

"ஏதாவது வேலை கிடைச்சிருக்காமா?"

"நான் கேக்கலையேம்மா. கையெழுத்துப் போட்டாரு, போனாரு."

அந்தக் கட்டடத்திலிருந்து நூலக வாசலுக்கு நூறடிகூட இருக்காது. புதன்கிழமை முழுக்க அவள் வாசலுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து, "அண்ணா, அவன் வாங்கிட்டுப் போயிட்டான்" என்றாள்.

"நல்ல விஷயம்தானேம்மா" என்றேன்.

"நல்ல விஷயம்தான்" என்றாள். காலையில் துவைத்துப் போட்டிருந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துவந்து, என் சட்டையை, அவள் அண்ணி புடவையை, ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். எப்போதும்போல மடிப்பு ஒன்றுக்கொன்று ஓரம் பிசகாமல் இருந்தது.