மேற்படி தெரு

"நான்கெல்லைக்குட்பட்ட" என்னும் இடத்தில் ராமஸ்வாமி ஒரு கணம் நிறுத்துவார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு திசையையும் ஒரே ஓட்டத்தில் சொல்லி முடிப்பார். விடியற்காலையில் வீரராகவப் பெருமாள் சந்நிதியில் கோஷ்டியோடு நின்று பாசுரம் சேவிக்கும் அதே குரல். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரையின் கீழ் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளுமே பத்திர எழுத்தரான அவருடைய தொழிற்கூடம். எழுதிக்கொள்கிறவர் படித்தவரோ படியாதவரோ, பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்துக் காட்டாமல் பேனாவைக் கொடுக்கமாட்டார். யார் வீடு யாருக்குப் போகிறது என்பது அடுத்த தேநீர்க் கடை வரைக்கும் கேட்கும்.

அறுபத்தெட்டு வயது. நெற்றியில் வியர்வைக்கு அஞ்சாத திருமண். கண்ணாடியின் உடைந்த காம்புக்கு வெள்ளை நூற்கட்டு. கணினி உதவியாளன் மணவாளன் கையில். ராமஸ்வாமி சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்வான். காற்புள்ளி வைக்கவிடமாட்டார். "அந்த ஓட்டைக்குள்ள ஒரு வக்கீல் நுழைஞ்சுடுவான்டா" என்பது அவர் இலக்கணம். அவருக்கு உகந்த சொல் ஒன்று உண்டு: மேற்படி. மேற்படி சொத்து, மேற்படி கிணறு, மேற்படி வேப்பமரம். முன்னே ஒருமுறை சொன்னதை மீண்டும் சொல்லும் அலுப்பிலிருந்து காக்கும் அச்சொல்லை முப்பத்தைந்து ஆண்டுகளாக எழுதிவருகிறார். வீட்டில் மனைவி அரவிந்தவல்லி மாமியிடம் காபி கேட்கும்போதுகூட இரண்டாவது டம்ளருக்கு "மேற்படி" என்றுதான் குரல் கொடுப்பார்.

சாதிப் பெயர் தாங்கிய தெருக்களுக்குப் பூப்பெயர் சூட்டும் ஏற்பாடு சுற்றுவட்டாரத்துக்கு வந்தபோது அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பெயரை மாற்றுவது பாவம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பலகையை மாற்றிவிட்டுப் பதிவேட்டை அப்படியே விடுவதுதான் பாவம் என்பார். மாலை, மேளம், புகைப்படம் எல்லாம் ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடும். பட்டாவில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர் என்று ஆனபின் ஒரே வீடு சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு வீடாகிவிடும். முன்பு ஒரு தலைவர் பெயரைச் சூட்டிக்கொண்ட தெருவில், இருப்பது ஒரு வீடா இரண்டு வீடா என்று அண்ணன் தம்பி எட்டு வருஷம் நீதிமன்றம் ஏறியதை அவரே பார்த்திருக்கிறார்.

தேநீர்க் கடைத் தணிகைவேல் சீண்டாமல் விடமாட்டான். "இன்னா சாமி, பழைய பேரு போனா உனுக்கு இன்னா பேஜாரு? உன் தெருவையா மாத்துனாங்கோ?"

"பலகைக்குப் பூ வெச்சா பட்டாவுல வாசனை வந்துடுமாடா? நாளைக்குக் கோர்ட்டு வாசல்ல நிக்கப் போறவன் பலகை கட்டினவன் இல்லே. அந்தத் தெருக்காரன்."

தம் வாதத்துக்குச் சான்றாக ஒரு மஞ்சள் உறை வைத்திருந்தார். தெருப்பெயர் ஒத்துப்போகாததால் பதிவாகாமல் திரும்பிய பத்திரங்களின் நகல்கள் அதில் சேர்ந்துகொண்டு வந்தன. தம்முடையவை, பிறர் எழுதியவை எல்லாமாக எட்டு.

கன்னியம்மா வந்தது அந்த நாள்களில்தான். பெரியபாளையம் சாலையில், தெருவுக்குப் புதுப்பெயர் வந்திருந்த ஒரு சிற்றூர். வள்ளூர் மின்நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்து இறந்த கணவன். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்குக் கம்பெனிப் பேருந்தில் போய்வரும் மகள் ஜெனிபர். வீட்டை மகள் பெயருக்குத் தானமாக எழுதிவைக்கவேண்டும். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் கன்னியம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்க மாமியா பத்திரத்துல அந்தப் பேரு இருந்துச்சு. என்து வரைக்கும் வந்துச்சு. எம் பொண்ணு பேப்பர்ல வாணாம் சாமி. முல்லைத் தெருன்னே எழுது."

திரும்பி வரும் என்பது ராமஸ்வாமிக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆகட்டும்மா" என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் பத்திரம் திரும்பியது: தாய்ப் பத்திரத்தில் கண்ட தெருவோடு ஒத்துப்போகவில்லை. நகல் ஒன்பதாவதாக மஞ்சள் உறைக்குள் போனது.

மறுமுறை தாயும் மகளும் வந்தபோது திருத்திய பத்திரம் ஆயத்தமாக இருந்தது. 'முன்னர் இன்ன தெரு என வழங்கிவந்ததும் தற்போது முல்லைத் தெரு எனப்படுவதுமான' என்று எழுதியிருந்தார். சட்டத்துக்கு அதில் குறையில்லை. தணிகைவேலின் கடையில் கூட்டம் நின்ற நேரம். அவன் காதிலும் விழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, வழக்கத்தைவிட ஒரு சுருதி ஏற்றியே தொடங்கினார். அந்தப் பழைய பெயர், எழுத்துப் பிழையின்றி, கணீரென்று, பாசுரக் குரலில் தெருமுழுக்கக் கேட்டது. தேநீர்க் குவளையோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிபர் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை, பெயர் உள்பக்கம் போகும்படி, மெல்லத் திருப்பிவைத்துக்கொண்டாள்.

"மெதுவா படி சாமி" என்றாள் கன்னியம்மா. அதில் கோபம் இல்லை. பழகிப்போன ஒருத்தியின் வேண்டுகோளாக இருந்தது.

ராமஸ்வாமிக்கு அடுத்த வரி ஓடவில்லை. எதிரே நின்றவளின் முகத்தைப் பார்க்கக் கூசி எழுத்தைப் பார்த்தார். எழுத்தைப் பார்க்கவும் கூசியது. தாளை மடித்து, இன்று வேண்டாம், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று மணவாளனை விட்டுச் சொல்லவைத்தார். ஒரு நாள் கூலியை இழந்து வந்த பெண்கள் காரணம் கேட்காமல் போனார்கள். மறுநாள் காலை கோஷ்டியில் அவருக்கு வாய் அசைந்தது, குரல் எழவில்லை. தொண்டைக் கட்டா என்று பக்கத்தில் நின்றவர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

வெட்கத்துக்கு அடியில் இன்னொரு வெட்கம் இருந்தது. பழைய பெயரை எழுதாமலே எழுத ஒரு வழி உண்டு என்பதும், அதை அவர் பத்தாயிரம் முறை எழுதியிருக்கிறார் என்பதும். வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் தாராளமாக வழங்கிய அச்சொல்லை ஒரு தாய் கேட்டபோது கைக்குள் மூடிவைத்துக்கொண்டார். பலகை வைத்தவர்கள் அவளை நினைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவர், தாம் மட்டும் நினைத்தாரா?

வியாழனன்று, பழைய பெயர் இல்லாத புது வரைவோடு பதிவாளர் முன் தாமே போய் நின்றார். தாய்ப் பத்திர எண்ணும் சர்வே எண்ணும் இருந்தால் போதும் என்றார் பதிவாளர். பலகையைப் பற்றிய கருத்தை ராமஸ்வாமி இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. தணிகைவேலோடு வாக்குவாதமும் தீரவில்லை. மஞ்சள் உறையை மட்டும் யாரிடமும் எடுத்துக் காட்டுவதில்லை.

வெள்ளிக்கிழமை கன்னியம்மா வந்தாள். ராமஸ்வாமி நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு, அவள் உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் வாசித்தார். 'தாய்ப் பத்திரத்தில் கண்டுள்ள மேற்படி தெரு தற்போது முல்லைத் தெரு' என்ற வரி வந்து, கடந்து போயிற்று. மை தடவிய பெருவிரலைத் தாளின்மேல் வைக்காமல் அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டாள் அவள்.

"அது இல்லியே?"

"இல்லேம்மா."

"எனுக்கு எழுத்து தெரியாது. அந்த எடத்த இன்னொரு தபா படி சாமி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தாளைப் பாராமல், தேநீர்க் கடைப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, அவள் ஒருத்தி காதுக்கு மட்டும் எட்டும்படி அந்த வரியை மறுபடியும் சொன்னார்.