நாலு பேர் அறை

பொன்னுத்தங்கம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு ஏச்சில்தான். என் தாய்மாமன் கண்ணுச்சாமிக்கு இரண்டாம் தாரத்தில் பெண் பிறந்திருந்தது. பேர் வைத்த சேதி வந்ததும் மூத்த தாரத்து அத்தை புடைத்துக்கொண்டிருந்த சொளகைத் தரையில் அடித்து, "காதுல கிடக்க ஒரு குந்துமணித் தங்கமில்ல, கழுதைக்குப் பேரு பொன்னுத்தங்கமாம்!" என்று கத்தினாள். என் இடுப்பில் அப்போது மூத்த மகன் இருந்தான். கத்தலில் அவனும் சேர்ந்து அழுதான்.

அவள் வளர்ந்ததும் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சுடலைக்கு அவளைப் பேசி முடித்தது நான்தான். ஒரே தெருவுக்கு வந்துவிட்டாள். ஓரகத்தி ஆன பிறகும் என்னை மதினி என்றே கூப்பிட்டாள்.

திருத்தங்கலில் எங்களுக்கென்று உழைப்பாளர் மன்றம் ஒன்று இருந்தது. பல ஞாயிறுகள் நாங்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய தகரக் கொட்டகை. சனி, ஞாயிறு மத்தியானம் சினிமா. மாதக் கடைசி ஞாயிறு திரையைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, அதே மேடையில் நாடகம். நடிப்பதும் பட்டாசு வேலைக்காரர்கள், பார்ப்பதும் பட்டாசு வேலைக்காரர்கள்.

அங்கே என்ன ஓடுகிறது என்று ஊருக்குச் சொல்வது பொன்னுத்தங்கத்தின் வேலை. அவளும் எங்களோடு பட்டாசுக் கம்பெனிக்கு வருகிறவள்தான். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் அரைமணி நேரம் முந்தி வந்து, கம்பெனி வேன்கள் புறப்படும் முன் ஜன்னல் ஜன்னலாகப் போய்ச் சொல்வாள்.

"ஏத்தா, இந்த வாரம் அழுகுற படம்! முந்தானை நனையாம ஒருத்தி வெளிய வந்தா என் பேர மாத்திக்கிறேன். அண்ணாச்சிமாரே, உங்களுக்கும் சண்டை மூணு இருக்கு, தூங்கிறாதீக!"

"போன வாரமும் இதத்தானட்டி சொன்ன?"

"போன வாரம் நீ அழுதியா இல்லையா?"

கையில் நோட்டீஸ் வைத்திருப்பாள். அச்சாபீஸ் சவரிராஜ் அண்ணன் அடித்துக் கொடுப்பது. காலண்டர் சீசனில் நிறம் தப்பிப்போன தாள்களை வீசாமல் கட்டிவைத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் படத்தின் பேரை அடிப்பார். மறுபக்கம் முருகனோ பிள்ளையாரோ மூக்கில் ஊதா மை வழிய நிற்பார்கள். சாமி படமாயிற்றே, யாரும் கீழே போட மாட்டார்கள். சிலர் சாமியை வெளியே வைத்துச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். படத்தின் பேர் சுவரைப் பார்த்துக் கிடக்கும். அதற்கும் பொன்னுத்தங்கம் ஏசுவாள்.

கொட்டகையில் படம் காட்டும் எந்திரம் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் அடுத்ததை மாட்டும் வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த நேரம் அவள் மைக்கோடு மேடை ஏறி, அடுத்த வாரம் என்ன என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் இரண்டாயிரத்து ஐந்து புரட்டாசியோடு போயிற்று.

சுடலை வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தான். அங்கே நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். தீபாவளி ஆர்டர் நெருங்கிவிட்டால் அந்த எழுத்தின்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிடுவார்கள். அன்றைக்கு உள்ளே ஒன்பது பேர். தீப்பிடித்ததில் ஐந்து பேர் போய்ச் சேர்ந்தார்கள். சுடலையும் ஒருவன்.

போர்மேன் லட்சுமிகாந்தம் போலீசிடம் என்ன சொன்னார் தெரியுமா? சுடலை பீடியோடு உள்ளே போனானாம். அவன் பீடிப் புகை பட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறவன். வாயில் வெற்றிலை தவிர வேறு எதையும் வைத்ததில்லை. தெருவுக்கே தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அதே வேன் வந்தது, அதே இடத்தில் ஏறி உட்கார்ந்தோம். நானும்தான். செத்துப்போன மற்ற நாலு பேரின் வீட்டாரும் பீடிக் கதையை நம்பிப் பொன்னுத்தங்கத்தின் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் அந்த மண்ணைக் கூட்டாமல் அப்படியே விட்டுவைத்தாள்.

"கிடக்கட்டும் மதினி. அவுக பீடி குடிக்கலைன்னு ஊரு முன்னால சொன்ன பெறகு கூட்டிக்கிறேன்" என்றாள்.

அதைச் சொல்லத்தான் நாடகம் போட்டாள். அவள் சொல்லச் சொல்ல சவரிராஜ் அண்ணன் எழுதினார். பேர் 'நாலு பேர் அறை'. மாசி மாதக் கடைசி ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று. ஆனால் மன்றத்துக்குத் தலைவர் யார்? அதே லட்சுமிகாந்தம்தான். எங்களோடு கல் சுமந்தவர். போர்மேன் ஆனதும் எங்கள் தலைமேலேயே கல்லை வைத்தவர்.

நோட்டீஸ் அடித்து வந்த வெள்ளிக்கிழமை அவர் பைக்கில் வேன் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, யாரக் கேட்டு நாடகம்?"

"மாசக் கடைசி நாடகத்துக்கு என்னைக்கு அண்ணாச்சி கேட்டிருக்கு?"

"கம்பெனியப் பத்திப் பேசுனா உனக்கு மட்டுமில்ல, இந்த வண்டியில இருக்க அம்புட்டுப் பேருக்கும் வேலை போயிரும், பாத்துக்க."

"நான் கம்பெனியப் பத்திப் பேசல. எங்க வீட்டுக்காரரு வாயப் பத்திப் பேசுறேன். அதுல வெத்தல இருந்துச்சா, பீடி இருந்துச்சான்னு. நீங்கதான பாத்தீக?"

அவர் அவள் கையிலிருந்த நோட்டீஸைப் பிடுங்கி, இரண்டாகக் கிழித்து ரோட்டில் எறிந்தார்.

தாள் மல்லாக்க விழுந்தது. மறுபக்கம் மகாலட்சுமி. தாமரையோடு பாதி, முகத்தோடு பாதி.

"ஏ ஆத்தா! மகாலட்சுமியக் கிழிச்சிட்டாரே!" என்று வேனுக்குள் ஒருத்தி கத்தினாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

"நான் இன்னைக்கு மருந்துல கை வைக்க மாட்டேம்பா."

நெருப்போடு பிழைக்கிறவர்களுக்குச் சகுனம் தப்பினால் உயிர் நடுங்கும். ஒருத்தி இறங்கினாள், பின்னாலேயே எல்லோரும் இறங்கினோம். மூன்று வேன்கள் காலியாக நின்றன. லட்சுமிகாந்தத்தின் முகம் சுண்டிப்போயிற்று. குனிந்து துண்டுகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம். பொன்னுத்தங்கத்தின் பக்கம் நியாயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவளோ எங்களைப் பார்த்துத்தான் பாய்ந்தாள்.

"காகிதம் கிழிஞ்சதுக்கு இறங்குறீகளே, அஞ்சு பேரு கருகிக் கிடந்தாகளே, அன்னைக்கு ஏன் இறங்கல? மதினி, உங்களையும்தான் கேக்கேன்! அன்னைக்கு மறுநாளு வண்டியில உங்களுக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சதா?"

அன்றைக்கும் நான் என் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. லட்சுமி கிழிந்ததற்குப் பரிகாரம் செய்ய வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் பூஜை, பிறகு சாமி படம். நாடகம் கிடையாது. கிழித்தவரே பூஜைக்குத் தலைமை. பாருங்கள், எப்படித் திரும்பியது என்று! எங்கள் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு தேங்காயும் பழமுமாக வந்தார்கள். வாசலில் இருந்த பலகையில் சாமி படத்தின் பேரை பொன்னுத்தங்கமே சாக்பீசால் எழுதினாள். மிச்ச சாக்பீஸை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முதல் ரீல் முடிந்தது. விளக்கு எரிந்தது. வழக்கம்போல மைக்கோடு மேடை ஏறினாள். அடுத்த வாரப் படத்தைச் சொல்வாள் என்று எல்லோரும் பார்த்தோம். அவள் குனிந்து, மேடையில் சாக்பீசால் சதுரமாகக் கோடு கிழித்தாள்.

"இது மருந்து அறை. நாலு பேருக்கு மேல கூடாது. நாலு பேரு வாங்க."

நாடகத்தில் நடிக்க இருந்த நாலு பேரும் போய் நின்றார்கள். முன் வரிசையில் லட்சுமிகாந்தம் எழுந்துவிட்டார்.

"சீசன் வந்துருச்சு, இன்னும் அஞ்சு பேரு வாங்க" என்றாள் அவள்.

யாரும் அசையவில்லை. நான் எழுந்தேன். போய்ச் சதுரத்துக்குள் நின்றேன். பிறகு, அவள் வாசலில் மண் தூற்றிய வீட்டுக்காரி கருப்பம்மாள் வந்தாள். மகனைத் தீயில் விட்டவள். அப்புறம் மூன்று பேர். ஒன்பது பேர் அந்தச் சதுரத்துக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும். கையைத் தூக்க முடியவில்லை. ஒருத்தி மூச்சு இன்னொருத்தி பிடரியில்.

"ஏலே பெத்தணா, படத்தப் போடுலே!" என்று லட்சுமிகாந்தம் கத்தினார்.

எந்திரம் ஓட்டும் பெத்தணன் ஓட்டைவழியே தலையை நீட்டி, "ரீலு அந்துபோச்சு அண்ணாச்சி, ஒட்டிக்கிட்டிருக்கேன்" என்றான். ரீல் ஒன்றும் அறுந்துபோகவில்லை. அதை அவனே பின்னால் சொன்னான்.

"இந்த நெருக்கத்துல ஒரு மனுசன் மடியத் தொட்டு பீடி எடுக்க முடியுமா?" என்றாள் பொன்னுத்தங்கம். "எங்க வீட்டுக்காரரு பீடி குடிச்சு இந்த ஊருல பாத்தவுக கையத் தூக்குங்க."

கொட்டகை நிறைய ஜனம். ஒரு கை எழவில்லை.

"அண்ணாச்சி, நீங்க?"

லட்சுமிகாந்தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கை தூக்கவில்லை.

மறுநாள் கருப்பம்மாள் விளக்குமாற்றோடு வந்து, பொன்னுத்தங்கத்தின் வாசலில் கிடந்த மண்ணைத் தன் கையாலேயே கூட்டினாள். நான் தண்ணீர் தெளித்தேன். அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. அந்த வாரமே மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். எந்தக் கம்பெனி வேனும் அவளை ஏற்றவில்லை. போலீஸ் காகிதத்தில் இன்றைக்கும் பீடி என்றுதான் இருக்கிறது. அதை எழுதவைத்தவர் இன்றைக்கும் மன்றத் தலைவர்.

பொன்னுத்தங்கம் இப்போது விருதுநகரில் மூட்டை மூட்டையாக வத்தல் அடுக்கிய ஒரு கிட்டங்கியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறாள்.