துணி காயட்டும், போகலாம்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தங்கத்தாய்க்கு வாய் ரொம்ப மோசம். தண்ணீர் ஊற்றாமல் போகிறவன் டிரைவரானாலும் வாத்தியாரானாலும் காது கூசக் கேட்டுவிட்டுத்தான் விடுவாள். ஆனால் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளை அவள் ஏசி யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளைகளை அவளுக்குப் பார்த்ததும் தெரியும். ஊருக்குப் போகிறவர்கள் குளித்த கையோடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இவர்கள் குளித்த பிறகும் போக இடமில்லாமல் கண்ணாடி முன்னால் நிற்பார்கள். முன்பெல்லாம் இட்லி வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பாள். போன வருஷம் ஒரு பயல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனான், போனவன் போனவன்தான். ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் துணி துவைக்கிற பழக்கம் வந்தது. உடுத்தியிருப்பது, பையில் இருப்பது எல்லாவற்றையும் வாங்கி வாளியில் முக்கிவிட்டு, தன் நைட்டியைக் கொடுத்துவிடுவாள். எந்தப் பிள்ளை ஈரத்துணியை விட்டுவிட்டு ஓடும்?

போன மாதம் ஓவியா வந்தாள். பதினாறு வயசு. சுடிதாரில் இரண்டு நாள் அழுக்கு.

“அத்தே, இங்கன குளிக்கலாமா?”

“குளிக்காம பொங்கலா வைக்கப் போறே? அந்தச் சுடிதாரக் கழத்திப் போடு.”

“மதுரை பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“மதுரை எங்கயும் போயிராது. இந்த நாத்தத்தோட ஏறுனா கண்டக்டர் பாதி வழியில எறக்கி விட்டுருவாரு.”

பிள்ளை சிரித்துவிட்டாள். துணி கைக்கு வந்தது.

அவள் குளிக்கும்போதே தங்கத்தாய் 1098-க்குப் போன் போட்டாள். குழந்தைகளுக்கான உதவி எண். கொஞ்ச நேரத்தில் அங்கே வேலை பார்க்கும் வேல்விழி கூப்பிட்டாள். “சாத்தூர்ல இருக்கேன்க்கா. வாரவரைக்கும் பாத்துக்கோங்க.”

வடையைத் தின்றுகொண்டே ஓவியா சொன்னாள். ஊர் விஸ்வநத்தம். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை. பரீட்சை முடிந்ததும் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பேசிவிட்டார்கள். அழுது பார்த்தாள், கிளம்பிவிட்டாள். போனில் பழகிய ஒரு அண்ணன் வேலை வாங்கித் தருகிறானாம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறானாம்.

“மூஞ்சியப் பாத்திருக்கியா?”

“போட்டோவுல.”

தங்கத்தாய் அந்த அண்ணனை ஏச வாயெடுத்தாள். சத்தம் போட்டால் பிள்ளை போய்விடும். அடக்கிக்கொண்டாள். ஆனால் விருதுநகர் வெயில் யாருக்காகவும் பொறுக்கவில்லை. வடை தீருவதற்குள் சுடிதார் காய்ந்துவிட்டது. கறை போகவில்லை என்று மறுபடி முக்கினாள். அதுவும் காய்ந்தது. அடுத்த தடவை ஓவியா பார்த்துவிட்டாள்.

“காஞ்சதத் திரும்ப நனைக்கீக.”

“ஆமா. நீ போயிரக் கூடாதுன்னுதான். உன்னக் கூட்டிப் போக ஒரு பொம்பள வருது.”

ஓவியா துணியைப் பிடுங்கிக்கொண்டாள். “வீட்டுக்கு அனுப்பத்தான? ஒடனே தாலி கட்டிருவாக.”

“பதினெட்டு ஆகாம கட்டுனா குத்தம், புள்ள. புள்ளைக நலக் குழுன்னு ஒண்ணு இருக்கு. உன்னத்தான் மொதல்ல கேப்பாக. விடுதியில இருந்து படிக்கலாம்.”

“நீங்க போய்ப் பாத்திருக்கீகளா?”

“இல்ல. கேள்விதான்.”

“அப்ப எங்கூட வாரீகளா?”

தங்கத்தாய் மேசையைப் பார்த்தாள். பகலில் அந்த வாசலை விட்டு அவள் எங்கும் போனதே கிடையாது. போனால், கழிப்பிடத்தைக் குத்தகை எடுத்த காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். ஓவியாவின் போன் அடித்தது. மதுரை அண்ணன். பிள்ளை போனைப் பார்த்தாள். தங்கத்தாய் முகத்தைப் பார்த்தாள்.

“வாரேன்,” என்று தங்கத்தாய் எழுந்தாள்.

போன் அடித்து ஓய்ந்தது.

வேல்விழி ஆட்டோவில் வந்து இறங்கியபோது தங்கத்தாய் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார்.

“ஏக்கா, அவசரம்க்கா.”

“எனக்கும் அவசரந்தான். ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடுங்க.”

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓவியாவை முதலில் ஏற்றிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.