ழகரத்துக்கு எத்தனை எழுத்து

பிளேடின் முனை எழுத்தின் ஓரத்தைத் தூக்கியது. எழுத்தைச் சுற்றியிருந்த வேண்டாத ஸ்டிக்கரை விரல்கள் நூல் பிரிப்பதுபோல உரித்தெடுத்தன. இங்கிலீஷ் கே நின்றது, ஈ நின்றது. இசட்டின் மூலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மறுபடி போனது, மறுபடி நின்றது. ரூபஸ் பிளேடை வைத்துவிட்டு எழுந்து மின்விசிறியைக் குறைத்தார். உட்கார்ந்தவர் உடனே எழுந்து மறுபடி கூட்டினார்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ரூபஸுக்கு ஸ்டிக்கர் கடை. நம்பர் பிளேட் எழுதி எழுதித் தானாகக் கற்ற தொழில். எந்தப் பேரையும் வெட்டுமுன் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்துவிடுவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு போர்டுகூடப் பிழையென்று திரும்பியதில்லை.

ஆவடிப் பக்கம் சேக்காட்டு வனஜா அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் கூழ் மாவு விற்கிறாள். போன மாதம் மாங்காட்டில் கடை போட்டபோது கேழ்வரகு என்ற அவளுடைய இணைய முகவரியை ரூபஸ்தான் வெட்டிக் கொடுத்தார். கூழைக் குடித்துப் பாராட்டியவர்கள் வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடியிருக்கிறார்கள். 'உன் கடையே இல்லையே' என்றுதான் சேதி வந்தது. நாளைக்கு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் கடை. அதற்கும் அதே முகவரியைத்தான் ரூபஸ் வெட்டிக்கொண்டிருந்தார். இதிலும் ஆர்டர் வராவிட்டால் மறுபடி கம்பெனி கேட்டில் போய் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தாள். போர்டில் பிழையே இல்லை. அதுதான் ரூபஸைக் குடைந்தது.

பக்கத்து டீக்கடைக்கு நடந்தார்.

"அண்ணாத்தே, கேழ்வரகுன்னு இங்கிலீஷ்ல எழுது."

டீ ஆற்றிக்கொண்டிருந்த ஜானகிராமன் ஒரு சீட்டில் எல் போட்டு எழுதினார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் வெறும் இசட் போட்டார். இன்னொருவர் எல்லும் எச்சும் போட்டார். மூன்று சீட்டு, மூன்று கடை. ஒன்றுகூட வனஜாவின் கடையில்லை.

கடைக்குத் திரும்பும்போது வனஜாவே வந்துவிட்டாள். "இன்னாண்ணா, முடிஞ்சிதா? ஆட்டோ சொல்லிகீறேன்."

ரூபஸ் சீட்டுகளை நீட்டினார்.

"ழவுக்கு இசட் எச் தானே? இஸ்கூல்ல அப்டித்தானே சொல்லிக்குட்த்தாங்கோ?"

"போர்டைப் பாக்கறவனுக்கு சரி. காதால கேட்டுகினு ஊட்டுக்குப் போறவன் இன்னா பண்ணுவான்?"

"அப்ப கூழுன்னே வெச்சிடு."

"அதுலயும் ழ கீதும்மா."

"படி? மாவு அளக்கறோமே."

"இங்கிலீஷ்ல எழுதினா பாடி பாலத்தாண்டயான்னு கேப்பான்."

ஜானகிராமன் டீக்கடையிலிருந்தே சிரித்தார். "பேசாம லாரி மாரி நம்பர் போட்டுடு வனஜா!"

வனஜா சிரிக்கவில்லை. ரூபஸ் கடைக்கும் சாலைக்குமாக நாலு தடவை நடந்தார். ஒரு பஸ் போனது. அதன் நெற்றியில் ஆவடி என்று ஊரின் பேர் இங்கிலீஷில் ஓடியது. ஆவடியை எழுதும்போது முன்னால் யாரும் இரண்டு ஏ போடுவதில்லை. ரயில் நிலையப் பலகையில் பார்த்துப் பார்த்துக் கண்ணே மனப்பாடம் செய்துவிட்டது. அதுபோலத்தான் ராகியும். எந்தக் கடைப் பொட்டலத்திலும் அதே நாலு எழுத்து.

"ஆவடி ராகி. ஒட்டி எழுதணும். நடுவுல கோடு வேணாம், அப்புறம் அத்தையும் வாயால சொல்லிகினு கெடக்கணும்."

"ராகியா? எங்கூட்டாண்ட கேவுருன்னாதான் திரும்பிப் பாப்பாங்கோ."

"கூவறதுக்கு கேவுருன்னே கூவு. எழுதறதுக்கு இது."

வனஜா பாதி உரித்த எழுத்துகளையே பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்துத் தேடினாள். அந்தப் பேரில் இணைய முகவரி காலியாக இருந்தது. ரூபஸ் மறுபடி டீக்கடைக்கு ஓடினார். ஜானகிராமனிடமும் அப்போது நின்றிருந்த இரண்டு பேரிடமும் பேரை வாயால் மட்டும் சொன்னார். மூன்று சீட்டிலும் ஒரே எழுத்து.

வனஜா நின்றபடியே பேரைப் பதிந்தாள். பழைய ஸ்டிக்கர் சுருண்டு குப்பைக்கூடைக்குப் போனது. புதியதை வெட்டி, உரித்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் போர்டில் ஒட்டி, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தார். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"எழுத்து மேல கை வெக்காத. இன்னும் ஈரம்."

வனஜா உள்ளங்கைகளால் போர்டின் ஓரத்தைப் பிடித்தாள். கடைசி எழுத்திலிருந்து ஒருமுறை படித்து முடிக்கும்வரை ரூபஸ் பிடியை விடவில்லை. பிறகு விட்டார்.